சுருட்டை முடிக்கு எத்தனை சான்றிதழ் வேண்டும்?

டோக்கியோவுக்கு அருகிலுள்ள ஒரு நகரிலிருந்து தமிழ்த் தாய் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். குடும்பம் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 39 வயது. கணவர் மென்பொருள் பொறியாளர். 9 ஆண்டுகளுக்கு முன் மதுரையிலிருந்து ஜப்பானுக்குப் போனார்கள். அப்போது மகளுக்கு 4 வயது. இப்போது 13 வயதில், வீட்டுக்கு அருகிலிருக்கும் அரசு நடுநிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தமிழில் கேட்டால் புரியும். பதில் ஜப்பானிய மொழியில்தான் வரும். அப்பத்தாவிடமிருந்து வந்த அடர்ந்த சுருட்டை முடி, வெயிலில் செம்பட்டையாகத் தெரியும். பள்ளியில் சேரும்போதே ‘ஜிகெ ஷோமெய்ஷோ’ கேட்டார்கள். ‘இது பிறவி முடி, சாயம் ஏற்றவில்லை, சுருட்டிவிடவில்லை’ என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்திடும் தாள் அது. சிறுவயதுப் படம் ஒன்றையும் ஒட்டிக் கொடுத்தார்கள். முதல் ஆண்டு சிக்கலில்லாமல் போயிற்று.

இந்த ஏப்ரலில் மாணவர் ஒழுங்குக்கு வேறு ஆசிரியர் பொறுப்பேற்றார். சுருள்கள் பின்னலுக்கு வெளியே நிற்பது ‘நடுநிலைப் பள்ளி மாணவிக்கு உரிய தோற்றம் இல்லை’ என்றார். நேராக்கிக்கொண்டு வரலாம், அல்லது தோளுக்கு மேல் வெட்டிவிடலாம் என்றார். காதில் இருந்த கடுகளவு தோட்டைக் கழற்றச் சொன்னார். ஜூன் மாத முடிச் சோதனையில், வரிசையில் எல்லாரும் பார்க்க அவள் பின்னலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘சரிசெய்துகொண்டு வா’ என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்த பெண் சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்து ஒரு பக்கத்துப் பின்னலை வெட்டிக்கொண்டாள். வேலை முடிந்து வந்த அம்மா முதலில் கேட்டது: “யாரைக் கேட்டு வெட்டினே?” அதன்பின் பல காலைகளில் அவளுக்கு வயிற்றுவலி. பள்ளிக் கூட்டத்துக்கு வரும்போது பொட்டும் சுடிதாரும் வேண்டாம் என்று அம்மாவிடமே சொல்லியிருக்கிறாள்.

கணவர் ‘ஊரோடு ஒத்து வாழ்’ என்கிறார். பார்லரில் ஒருநாள் செலவழித்தால் முடிந்தது என்கிறார். உடன் வேலை பார்க்கும் ஜப்பானியப் பெண் ஒருவர், ‘ஒசாக்காவில் ஒரு மாணவி இதற்காகவே வழக்குப் போட்டு ஜெயித்தாள், நீங்களும் போடுங்கள்’ என்கிறார். மதுரையிலிருக்கும் அம்மா பேத்தியை அனுப்பிவிடச் சொல்கிறார். ‘நாங்கள் இந்தியர்கள் என்பதால்தானே இப்படி? நம் ஊரில் இப்படியெல்லாம் உண்டா? நான் என்ன செய்ய வேண்டும்?’ என்று கடிதம் முடிகிறது.

அன்புச் சகோதரிக்கு,

கத்தரிக்கோல் பற்றி எழுதிய பக்கத்தில் உங்கள் எழுத்தே கோணலாகியிருக்கிறது. அந்தச் சாயங்காலம் நீங்கள் போட்ட சத்தத்தை இன்னும் மன்னித்துக்கொள்ள முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்டிய பின்னல் தரையில் கிடந்தால் எந்தத் தாய்க்கும் அந்தச் சத்தம் வரும். ஆனால் உங்கள் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ‘யாரைக் கேட்டு?’ காலையில் ஆசிரியர் அவளிடம் கேட்டதும் ஏறக்குறைய இதையேதான். பள்ளிக்கு அந்த முடி விதிமீறல். உங்களுக்கு அது அப்பத்தாவின் சாயல், மதுரையின் மிச்சம். அப்பாவுக்கு ஒருநாள் பார்லர் செலவு. கடிதம் முழுவதிலும் நான் தேடினேன். அவளுக்கு அது என்ன என்று ஓர் இடத்திலும் இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் விடை இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நான் வழக்கறிஞர் அல்ல. ஜப்பானில் ஒரு நகரத்துப் பன்னாட்டு உறவுச் சங்கத்தில், வெளிநாட்டுக் குடும்பங்களுக்கான ஆலோசனை மேசையில் 11 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். சட்ட விஷயமாக இங்கே சொல்வது, அங்கே வாராவாரம் வந்த வழக்கறிஞர்களோடு சேர்ந்து வேலை பார்த்துத் தெரிந்துகொண்டது.

நீங்கள் இந்தியர் என்பதாலா?

அந்த விதி உங்கள் மகளை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. 1970களின் இறுதியிலும் 80களிலும் ஜப்பானிய நடுநிலைப் பள்ளிகளில் வன்முறை பெருகியது. ஜன்னல்கள் உடைந்தன, ஆசிரியர்கள் அடிபட்டார்கள். தலைமுடியும் பாவாடை நீளமும் குலைவதுதான் கலகத்தின் முதல் அடையாளம் என்று பள்ளிகள் நம்பின. அளவுகோலோடு ஆசிரியர்கள் வாசலில் நின்ற காலம் அது. அந்த இறுக்கம் எதுவரை போனது என்பதை 1990 ஜூலையில் கோபெ நகரில் பார்த்தார்கள். தாமதமாக வருபவர்களைத் தடுக்க, மணியடித்ததும் இரும்பு வாசற்கதவை ஓர் ஆசிரியர் இழுத்து மூடினார். உள்ளே ஓடிவந்த 15 வயதுப் பெண் அதில் நசுங்கி இறந்துபோனாள். நாடே அதிர்ந்தது. ஆனாலும் விதிப் புத்தகங்கள் பெரிதாக மெலியவில்லை. காரணம் பள்ளிக்கு வெளியிலும் இருக்கிறது. ஒரு மாணவியின் முடி பழுப்பாகத் தெரிந்தால், தெருவாசி ஒருவர் பள்ளிக்குத்தான் தொலைபேசியில் புகார் சொல்வார். பிள்ளை சாலையில் எப்படி நடக்கிறது என்பதற்கும் பள்ளியே பொறுப்பு என்பது அங்கே ஊறிப்போன எண்ணம். உங்கள் மகளின் ஆசிரியரும் அந்தத் தொலைபேசிக்குப் பயந்தவராக இருக்கலாம்.

இந்த விதிகளில் முதலில் மாட்டியவர்கள் ஜப்பானியப் பிள்ளைகளே. பிறவியிலேயே பழுப்பு முடி, அலைமுடி உள்ள ஜப்பானியர்கள் நிறைய. உள்ளாடை வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதியும், பிடரி தெரிவதால் குதிரைவால் கூடாது என்ற விதியும் அவர்களுக்காக எழுதப்பட்டவை. இப்படிப்பட்டவற்றை அங்கே ‘புராக்கு கோசொகு’, அதாவது கறுப்புப் பள்ளிவிதி என்றே அழைக்கிறார்கள்.

ஆனால் பேச்சு இதோடு முடியவில்லை. நேரான கறுப்பு முடியை ‘இயல்பு’ என்று எடுத்துக்கொண்டு விதி எழுதும்போது, அந்த இயல்புக்குள் பிறக்காத பிள்ளைகள்மேல் அது இரட்டிப்பாக விழுகிறது. ஹியோகோ மாகாணத்தின் ஹிமெஜி நகரில் 2023-ல் நடந்ததை உங்கள் தோழி அறிந்திருக்கலாம். கறுப்பின அமெரிக்கத் தந்தைக்குப் பிறந்த மாணவன் ஒருவன் தலையோடு ஒட்டிய சிறு பின்னல்களைப் போட்டுக்கொண்டு பட்டமளிப்புக்குப் போனான். விதிக்குப் புறம்பு என்று அவனை மேல்மாடத்தில் தனியே உட்காரவைத்தார்கள். அந்தப் பின்னல் தன் தந்தை வழிப் பண்பாடு என்று அவன் சொன்னான். யாரும் ‘வெளிநாட்டுப் பிள்ளைகளை ஒதுக்குவோம்’ என்று திட்டமிடவில்லை. ஒதுக்கியது நடந்தது. ஆகவே ‘இனவெறி’ என்ற சொல்லோடு நீங்கள் பள்ளிக்குள் போனால், அவர்கள் தங்கள் நோக்கம் நல்லது என்று நிரூபிப்பதிலேயே நேரம் முழுவதும் போய்விடும். ‘இந்த விதியின் பாரம் என் மகள்மேல் மற்றவர்களைவிட அதிகமாக விழுகிறது’ என்று சொல்லுங்கள். அதை மறுப்பது கடினம்.

‘நம் ஊரில் உண்டா’ என்று கேட்டிருந்தீர்கள். நான் ரெட்டைச் சடையை மடித்து, ரிப்பன் கட்டி, அது அவிழ்ந்தால் வகுப்புக்கு வெளியே நின்ற பள்ளியில் படித்தவள். உங்கள் பள்ளியும் அப்படித்தான் இருந்திருக்கும். ‘தமிழ்நாட்டில் எல்லாம் சுதந்திரம்’ என்று மகளிடம் சொல்லாதீர்கள். பாட்டி வீட்டுக்கு வரும் விடுமுறையில் அவளே பார்த்துவிடுவாள்.

ஒசாக்கா வழக்கு சொன்னது என்ன?

உங்கள் தோழி நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் வழக்கின் முடிவைத் தலைகீழாக நினைவில் வைத்திருக்கிறார். ஒசாக்கா மாகாண அரசு உயர்நிலைப் பள்ளியில் 2015-ல் சேர்ந்த ஒரு மாணவி, பிறவியிலேயே பழுப்பான தன் முடிக்குத் திரும்பத் திரும்பக் கறுப்புச் சாயம் பூசச் சொன்னார்கள் என்று 2017-ல் வழக்குத் தொடுத்தாள். 2021 பிப்ரவரியில் ஒசாக்கா மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாயம் ஏற்றத் தடை விதிக்கும் விதி செல்லும் என்றது. பூசச் சொன்னதும் பள்ளியின் அதிகாரத்துக்குள் அடங்கும் என்றது. முடி வேர்களைப் பார்த்த ஆசிரியர்கள், அவளுடைய இயற்கை நிறம் கறுப்பு என்று நினைக்க நியாயமான காரணம் இருந்தது என்றும் ஏற்றுக்கொண்டது. அவள் ஜெயித்தது வேறு ஒன்றில். அவள் பள்ளிக்கு வராமலிருந்த காலத்தில் வகுப்பிலிருந்து அவள் மேசையை எடுத்துவிட்டார்கள், பெயர்ப்பட்டியலிலும் பெயர் இல்லை. அது சட்டவிரோதம் என்று 3,30,000 யென் இழப்பீடு கிடைத்தது. அவள் கேட்டது 20 லட்சம் யென்னுக்கும் மேல். மேல்முறையீட்டிலும் அதே முடிவு. 2022-ல் உச்ச நீதிமன்றம் அவள் முறையீட்டை ஏற்கவில்லை. 15 வயதில் தொடங்கிய துன்பத்துக்கு முதல் தீர்ப்பு வந்தபோது அவளுக்கு 21 வயது.

இது ஒரே ஒரு வழக்கின் கதையல்ல. மாணவர்கள் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும் என்ற விதியை எதிர்த்துக் குமமொத்தோவில் ஒரு சிறுவன் தொடுத்த வழக்கில், 1985-ல் நீதிமன்றம் பள்ளியின் பக்கமே நின்றது. ஜப்பானிய நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் தலைமையாசிரியரின் அதிகாரத்தைப் பரந்ததாகவே பார்த்துவந்திருக்கின்றன. உங்கள் மகள் நடுநிலைப் பள்ளியை முடிக்க இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. வழக்கு அதற்குள் முடியாது.

எனக்கு அந்த வழக்கில் மறக்க முடியாதது அந்த மேசைதான். பள்ளி எல்லை கடந்துவிட்டது என்று நீதிமன்றம் சொன்ன இடம், அவள் வகுப்பைச் சேர்ந்தவள் என்பதற்கான அடையாளத்தையே எடுத்துவிட்ட இடம். உங்கள் மகள் காலைகளில் போகாமல் இருக்கும் இந்த நாட்களில், அவள் இருக்கை, அவள் பெயர், குழு வேலையில் அவள் இடம் எல்லாம் அப்படியே இருக்கின்றனவா என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு வையுங்கள்.

மாற்றம் நீதிமன்றத்துக்கு வெளியேதான் வந்துகொண்டிருக்கிறது. அந்த மாணவி தோற்றதாகத் தோன்றினாலும், அவள் வழக்குக்குப் பிறகே நாடு முழுக்க இந்த விதிகளைப் பற்றிக் கேள்வி எழுந்தது. 2021 ஜூனில் கல்வி அமைச்சகம், விதிகளை மறுபரிசீலனை செய்யும்படி கல்வி வாரியங்களுக்கு எழுதியது. 2022 ஏப்ரலிலிருந்து டோக்கியோ பெருநகர அரசு உயர்நிலைப் பள்ளிகள், எல்லார் முடியும் கறுப்பாக இருக்க வேண்டும் என்பதையும், உள்ளாடை நிறத்தையும், ‘மாணவருக்கு உரிய’ என்ற மங்கலான சொற்களையும் விட்டுவிட்டன. கவனித்தீர்களா, உங்கள் மகளைத் திருப்பி அனுப்பச் சொன்ன காரணமும் அந்த மங்கலான சொல்தான். அதே ஆண்டு டிசம்பரில் அமைச்சகம் திருத்தி வெளியிட்ட மாணவர் வழிகாட்டுதல் கையேடு, விதிகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும், இணையதளத்தில் வெளியிடுவது நல்லது, மாற்றும்போது மாணவர் கருத்தைக் கேட்பது நல்லது என்கிறது. இது சட்டம் அல்ல, அறிவுரைதான். என்றாலும் ஜப்பானிய அலுவலகத்தில் அமைச்சகத்தின் அறிவுரைத் தாளை மேசைமேல் வைத்துப் பேசுவதற்கு ஒரு கனம் உண்டு.

பள்ளிக்கு எதுவரை அதிகாரம்?

ஒன்று, அரசு நடுநிலைப் பள்ளி முடிக்காக உங்கள் மகளை நீக்க முடியாது. கட்டாயக் கல்வி வயதில் உள்ள பிள்ளையைத் தண்டனையாக இடைநீக்கம் செய்யவும் அனுமதி இல்லை. மற்றவர் கல்விக்கு இடையூறு செய்யும் பிள்ளையைச் சில நாள் நிறுத்திவைக்கும் வழி ஒன்று உண்டு. அதையும் கல்வி வாரியம்தான் பெற்றோருக்கு உத்தரவாக அனுப்ப முடியும், சுருள் முடி அதற்குள் வராது. ஜூனில் நடந்ததுபோல வாய்ச்சொல்லில் திருப்பி அனுப்புவது இவை இரண்டிலும் சேராத ஒரு பழக்கம். அது அவளுடைய பாட நேரத்தை எடுத்துக்கொள்கிறது. ‘இனிமேல் அப்படி அனுப்ப நேர்ந்தால் அனுப்புவதற்கு முன் எனக்குத் தொலைபேசி செய்யுங்கள், அவள் இழக்கும் பாடத்தை எப்படி ஈடுசெய்வீர்கள் என்றும் சொல்லுங்கள்’ என்று எழுதிக் கொடுங்கள்.

இரண்டு, யாரும் அவள் முடியை வலுக்கட்டாயமாக வெட்டவோ சாயம் பூசவோ கூடாது. ஆசிரியர் கண்டிக்கலாம், உடலைத் தொட்டுத் தண்டிப்பதைப் பள்ளிக் கல்விச் சட்டத்தின் 11-வது பிரிவு தடைசெய்கிறது. வரிசையில் பின்னலைத் தூக்கிப் பார்த்ததைத் தண்டனை என்று நிறுவுவது கடினம். ஆனால் ஒரு 13 வயதுப் பெண்ணை எல்லார் முன்பும் தொட்டுப் பார்த்ததை, அவளுக்கு எவ்வளவு கூசியது என்று சொல்லி, இனி தேவையென்றால் தனியறையில், பெண் ஆசிரியர் முன்னிலையில், தொடாமல் என்று கேட்க உங்களுக்கு முழு இடம் உண்டு.

மூன்றாவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். ஜப்பானியப் பெற்றோருக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் சட்டக் கடமை உண்டு, வெளிநாட்டவருக்கு இல்லை. விரும்பினால் ஜப்பானியப் பிள்ளைகளைப் போலவே இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்கள். இந்த வேறுபாடு தாளில் சிறியது, வாழ்க்கையில் பெரியது. ஒரு வெளிநாட்டுப் பிள்ளை நீண்ட நாள் வரவில்லையென்றால், ‘விலகல் விண்ணப்பம்’ என்று ஒரு தாள் உங்கள் முன் மரியாதையாக வைக்கப்படலாம். கையெழுத்திட்டால் அவள் யார் கணக்கிலும் இல்லாமல் போய்விடுவாள். 2019-ல் அமைச்சகம் முதன்முறையாகக் கணக்கெடுத்தபோது, பள்ளியில் இல்லாமல் இருக்கக்கூடிய வெளிநாட்டுப் பிள்ளைகள் 19,000-க்கும் மேல் என்று தெரிந்தது. வேறு பள்ளியில் இடம் உறுதியாகும்வரை அந்தத் தாளில் கையெழுத்து வேண்டாம்.

நைஷின்ஷோ பயம்

எதிர்த்துப் பேசினால் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கைக்குப் போகும் அறிக்கையில், அந்த ‘நைஷின்ஷோ’வில், ஏதாவது எழுதிவிடுவார்களோ என்று கணவர் பயப்படுவதாகச் சொன்னீர்கள். வீண் பயம் என்று தள்ளிவிட மாட்டேன். 1970களில் ஒரு நடுநிலைப் பள்ளி மாணவரின் அரசியல் ஈடுபாட்டை அறிக்கையில் எழுதியதால் அவர் உயர்நிலைப் பள்ளிகளில் இடம் பெறவில்லை. வழக்குப் போட்டு 1988-ல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். ஹொசாகா நொபுதோ என்ற அவர் பின்னாளில் டோக்கியோவின் செதகாயா வட்டத்துக்கு மேயரானார். நாடறிந்த வழக்கு என்பதால் பெற்றோர் மனதில் அந்தப் பயம் இன்னும் இருக்கிறது.

இன்றைய நிலை: அறிக்கையின் பெரும்பகுதி 9 பாடங்களில் 1 முதல் 5 வரையிலான மதிப்பெண். முடிக்கு அதில் கட்டம் இல்லை. ஆனால் பாட மதிப்பீட்டில் ‘கற்றலில் காட்டும் ஈடுபாடு’ என்று ஒன்று உண்டு. அங்கே ஆசிரியரின் மனநிலை கொஞ்சம் கலக்க வாய்ப்பு இருக்கிறது. பேச்சு சண்டையாக மாறாமல் பார்த்துக்கொள்ள நான் சொல்வது இதனால்தான். இருந்தாலும் நீங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிக்குப் பயப்படும்போது, கண்முன்னே நடப்பது அவள் வகுப்புகளை இழப்பது. மதிப்பெண்ணை உடனே கீழே இழுப்பது அதுதான்.

அந்த வயிற்றுவலியைப் பொய் என்று நினைக்காதீர்கள். ஜப்பானில் 2023 கல்வியாண்டில் 30 நாளோ அதற்கு மேலோ பள்ளிக்கு வராத தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் 3,46,482 பேர். அவர்களில் எத்தனையோ பேர் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்கியிருப்பார்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளிக்கு வரும் ஆலோசகரிடம் அவளுக்கும் உங்களுக்கும் தனித்தனியாக நேரம் கேளுங்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் செப்டம்பர் 1 சுற்றுவட்டம், அங்கே வளரிளம் பிள்ளைகளுக்கு மிக ஆபத்தான நாட்கள் என்று அரசின் புள்ளிவிவரமே காட்டியிருக்கிறது. முடியை வெட்டிக்கொண்டதில் நான் கோபத்தையும் அவமானத்தையும் பார்க்கிறேன். அதற்கு மேல் ஏதாவது இருக்கிறதா என்பதை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல முடியும். ‘மறைந்துவிட்டால் நல்லது’ என்பதுபோல ஒரு சொல் வந்தாலும், தூக்கம் சாப்பாடு கெட்டாலும், பள்ளிப் பேச்சையே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். 0120-0-78310 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பிள்ளைகளும் பெற்றோரும் இலவசமாகப் பேசலாம். அந்த எண்ணை அவள் கைபேசியில் நீங்களே பதிந்து வையுங்கள்.

ஊரோடு ஒத்து வாழ்வது

உங்கள் கணவர்மேல் உங்களுக்கு இருக்கும் கோபத்தில் நான் பங்கெடுக்கப் போவதில்லை. வேற்றுநாட்டில் குடும்பத்தைக் காப்பாற்ற, கண்ணில் படாமல் இருப்பதையே வழியாகக் கற்றுக்கொண்ட மனிதர் அவர் என்று தோன்றுகிறது. ஜப்பானியர்களும் பிள்ளைகளுக்கு அதையேதான் சொல்லித்தருகிறார்கள். துருத்தி நிற்கும் முளை அடிபடும் என்பது அவர்கள் பழமொழி. ஆனால் நம் பழமொழி சொல்வது ஊரோடு சேர்ந்து வாழ்வதை. ஊரின் முடியை ஒட்டவைத்துக்கொள்வதை அல்ல. உங்கள் மகள் அந்த ஊரோடு ஏற்கெனவே ஒத்துத்தான் வாழ்கிறாள்: அந்த மொழியில் கனவு காண்கிறாள், மதிய உணவைப் பரிமாறும் முறை வந்தால் பரிமாறுகிறாள், வகுப்பறையைத் துடைக்கிறாள்.

பார்லர் யோசனையில் நடைமுறைச் சிக்கலும் உண்டு. நிரந்தரமாக நேராக்கும் முறை ரசாயனத்தால் செய்யப்படுவது. புதிதாக வளரும் முடி சுருட்டையாகத்தான் வளரும். சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். மேலும் சாயம் ஏற்றக் கூடாது, சுருட்டக் கூடாது என்ற விதியின் பெயரால் பிறவி முடியை ரசாயனத்தால் மாற்றச் சொல்வது அந்த விதிக்கே முரண். இதை ஆசிரியரிடம் கேள்வியாகவே கேட்கலாம்: ‘செயற்கையாக மாற்றக் கூடாது என்பதுதானே விதி? நாங்கள் மாற்றவில்லையே?’

ஆனால் நாளைக்கு அவளே, ‘அம்மா, எனக்கு நேரான முடி பிடிக்கும், செய்துகொள்கிறேன்’ என்று சொன்னால்? நீங்கள் கடிதத்தில் ‘அவள் முடியில் கை வைக்க விடமாட்டேன்’ என்று எழுதியதால்தான் இதைக் கேட்கிறேன். பயத்தில் சொல்கிறாளா, விருப்பத்தில் சொல்கிறாளா என்று பிரித்தறிய சில வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘பள்ளியில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்றால் எப்படி வைத்துக்கொள்வாய்?’ என்று கேளுங்கள். அந்த விடை நேரான முடியாக இருந்தால், அதையும் நீங்கள் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். பொட்டு விஷயமும் அப்படித்தான். அவள் உங்களை வெறுத்து அதைச் சொல்லவில்லை. ஏற்கெனவே தன்மேல் இருக்கும் கண்கள் உங்கள்மேலும் விழ வேண்டாம் என்று நினைக்கிறாள். அடுத்த கூட்டத்துக்குப் பொட்டோடு போவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள். போவதாக இருந்தால் முந்தைய நாளே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

தோடு எளிதாகத் தீரும். எங்கள் ஆலோசனை மேசைக்கு வந்த இந்திய, பிரேசில், பெரு நாட்டுக் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு, ‘பச்சிளம் வயதில் நடந்த சடங்கு, அழகுக்காக இப்போது குத்தியதல்ல’ என்று எழுதிக் கொடுத்ததும், பள்ளி நேரத்தில் கழற்றிவிடுவது அல்லது ஒளி ஊடுருவும் பொடித்தோடு போடுவது என்று பேசி முடிந்தது. இத்தனை ஆண்டு பழகிய துளை அவ்வளவு சீக்கிரம் தூர்ந்துவிடாது. இரவில் போட்டு காலையில் கழற்றினாலே போதும். நம் பாட்டிகள் வேப்பங்குச்சி செருகிக் காத்த காதுதானே.

பள்ளியிடம் போகும் வழி

நேரே தலைமையாசிரியரிடமோ கல்வி வாரியத்திடமோ போகாதீர்கள். முதலில் வகுப்பாசிரியர், பிறகு அந்த ஆண்டின் பொறுப்பாசிரியர், அதன்பின் துணைத் தலைமையாசிரியர். படியைத் தாண்டினால் அங்கே அது அவமதிப்பு. பேச வேண்டிய விஷயம் மறைந்து அந்த அவமதிப்பே விஷயமாகிவிடும். புகார் என்று சொல்லாதீர்கள், ஆலோசனை கேட்க வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். உங்கள் மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய வழக்கில் அவளே மொழிபெயர்ப்பாளராக நிற்பதைவிடக் கொடுமை இல்லை. நகரத்துப் பன்னாட்டு உறவுச் சங்கத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தமிழ் கிடைக்காவிட்டாலும் ஆங்கிலம் கிடைக்கும். கணவரும் கட்டாயம் உடன் வர வேண்டும். பெற்றோர் இருவரும் ஒரே பேச்சாக இருப்பதை அங்கே கவனிப்பார்கள்.

ஒரே பக்கத்தில், ஜப்பானிய மொழியில், மூன்று கேள்விகள் போதும். சுருட்டை முடி பற்றி விதியில் எழுதியிருக்கும் சரியான வாசகம் எது? முதல் ஆண்டில் நாங்கள் கொடுத்த இயற்கை முடிச் சான்று இன்றும் செல்லுமா, செல்லாது என்றால் ஏன்? எந்த விதத்தில் கட்டினால் இயற்கை முடியோடு அவள் சோதனையைக் கடக்கலாம்? மூன்றாவது கேள்விதான் கதவைத் திறக்கும். ‘கழுத்தருகே இரண்டு பின்னல், கறுப்பு ரப்பர்’ என்பதுபோல அவர்கள் ஒன்றைச் சொல்வார்கள். அதை எழுதி வாங்கி, தேதி போட்டு வையுங்கள். ஆசிரியர் மாறினாலும் தாள் இருக்கும். ஏப்ரலில் உங்களுக்கு இல்லாமல் போனது அந்தத் தாள்தான்.

இரண்டு மூன்று வாரத்தில் விடை வராவிட்டால் நகரத்துக் கல்வி வாரியம். அதற்கும் அடுத்து, சட்ட அமைச்சகம் நடத்தும் குழந்தைகளின் மனித உரிமைத் தொலைபேசி 0120-007-110. மாகாண வழக்கறிஞர் சங்கங்களும் குழந்தை உரிமை முறையீடுகளைக் கேட்கின்றன. கவாசாகிபோன்ற சில நகரங்களில் குழந்தை உரிமைக்கென்று தனிச் சட்டமும், அதை விசாரிக்கும் சுதந்திரமான அதிகாரியும் உண்டு. உங்கள் நகரில் இருக்கிறதா என்று நகரமன்றத்தில் கேளுங்கள். ஜப்பான் 1994-ல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவும், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குழந்தைகள் அடிப்படைச் சட்டமும், தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் வாய்ப்பு ஒவ்வொரு குழந்தைக்கும் வேண்டும் என்கின்றன. ஒவ்வொரு குழந்தைக்கும் என்றால் உங்கள் மகளுக்கும்தான். இவை முடி விதியை ரத்து செய்துவிடாது. ‘அவள் சொல்வதையும் கேளுங்கள்’ என்று கேட்க உங்களுக்கு ஒரு பிடிமானம்.

டோக்கியோவின் இந்தியப் பள்ளிகளைக் கடைசி வழியாக வையுங்கள். கட்டணம் ஒருபுறம், பல பன்னாட்டுப் பள்ளிகள் ஜப்பானியச் சட்டப்படி நடுநிலைப் பள்ளியாகக் கணக்கில் வராததால், பிறகு ஜப்பானிய உயர்நிலைப் பள்ளியில் சேரச் சில இடங்களில் சிக்கல் வரும். முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மதுரைக்கு அனுப்புவதைப் பற்றி ஒன்றே ஒன்று: அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே போனாலும் வகுப்பில் தனித்துத் தெரிவாள், முடியால் அல்ல, மொழியால்.

இரண்டாம் பருவம் தொடங்க மூன்று வாரம் இருக்கிறது. வெட்டிய பக்கத்தைச் சரிசெய்யச் சுருட்டை முடி தெரிந்த முடிதிருத்துநர் ஒருவரைத் தேடி, அவளோடு போய், எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை அவளே அவரிடம் சொல்லட்டும். நீங்கள் பக்கத்து நாற்காலியில் இருங்கள். பள்ளிக்கு எழுதும் பக்கத்தை முதலில் அவளிடம் கொடுங்கள். எந்த வரி வேண்டாம் என்கிறாளோ அதை எடுத்துவிடுங்கள். அவளாக ஒரு வரி சேர்க்க விரும்பினால் அவள் கையெழுத்திலேயே சேர்க்கட்டும். அனுப்பவே வேண்டாம் என்றாலும் ஒரு வாரம் பொறுத்து மறுபடி கேளுங்கள். பள்ளி என்ன சொன்னது என்று எனக்கு எழுதுங்கள். அவளுக்கு எழுதத் தோன்றினால் அவளும் எழுதலாம், ஜப்பானிய மொழியிலேயே.